சன்னலில் கவிழ்த்த டம்ளர்

தெய்வாத்தாளின் மோதிர விரலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அன்புச்செல்வி. வெளியே லாரியில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. வைகாசி மாதம், வளர்பிறை வியாழக்கிழமை. நல்ல நேரம் முடிவதற்குள் வண்டி ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று தெய்வாத்தாளின் மகன் காளிச்சாமி வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தபடி இருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூரில் ஆர்.எஸ்.புரத்து ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, தனக்கு ரத்தக்கொதிப்பு. அங்கே என்றால் கூப்பிடு தூரத்தில் டாக்டர் என்று காளிச்சாமி ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"போற அன்னிக்குமா குத்தோணும்?" என்றாள் தெய்வாத்தாள்.

"போற எடத்துல ஆரு எப்புடிக் குத்துவாங்களோ. நானே ஒருக்காப் பாத்து அனுப்பிச்சா மனசு ஆறுமுங்க. ஏனுங்கம்மா, அங்க பால் காய்ச்சறதுக்குப் புதுப் பாத்திரமுங்களா, இங்கிருந்து கொண்டு போறீங்களா?"

"புதுசுதான் அம்மணி. புவனா அன்னிக்கே வாங்கி..."

தெய்வாத்தாள் பேச்சை முடிக்குமுன் ஊசி இறங்கி, விரல் நுனியில் ரத்தம் முத்துக்கட்டிவிட்டது. அன்புச்செல்வி குத்துகிற முறை அது. முதலில் விரலைத் தேய்த்துச் சூடேற்றுவாள். பிறகு வீட்டுக்காரர்களுக்குப் பிடித்தமாக ஒரு கேள்வி கேட்பாள். பதில் சொல்ல வாய் திறக்கிற நொடியில் குத்திவிடுவாள். பேச்சு வந்துவிட்டால் விரல் மறந்துவிடும் என்பாள். அப்படியும் முகம் சுளிக்கிறவர்களிடம், "கட்டெறும்பு கடிச்சாப்புடித்தானுங்க" என்று சொல்லிப் பஞ்சை வைத்து அழுத்துவாள். இந்த நான்கைந்து வருஷத்தில் தொரட்டிபாளையத்தில் அவள் கைக்கு வராத விரல் குறைவு.

அடுப்பைக் கழற்றியாகிவிட்டது. பேக்கரியிலிருந்து பிளாஸ்கில் டீ வந்திருந்தது. சாமான் ஏற்றும் ஆட்களுக்கும், வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களுக்கும், காளிச்சாமிக்குமே காகிதக் கப்தான். காளிச்சாமி தன் கப்பின் மேல் உள்ளங்கையை விரித்து வேண்டாமென்றார். தெய்வாத்தாள் மட்டும் உள்ளே பார்த்து மருமகளுக்குக் குரல் கொடுத்தாள்: "புவனா, அன்புக்கு அவ டம்ளர்ல ஊத்திக் குடு."

எல்லாருக்கும் காகிதம், தனக்கு மட்டும் எவர்சில்வர் என்பது அன்புச்செல்விக்குத் தொண்டைவரை இனித்தது. குடித்து முடித்து, எப்போதும் போல வீட்டின் பின்பக்கம் போய்த் தானே கழுவி, எப்போதும் போலப் பின்சன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தாள். லாரி கிளம்பிற்று. பின்னாலேயே கார். தெய்வாத்தாள் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். அன்புச்செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கார் நகர நகர நான்கு எட்டு கூடவே நடந்தாள்.

பையை எடுக்கப் பின்பக்கம் வந்தபோது டம்ளர் சன்னலிலேயே இருந்தது. மறந்துவிட்டார்கள். விளிம்புக்குக் கீழே சின்னதாக ஒரு நெளிசல் இருக்கிற டம்ளர். அந்த வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் கல்யாணத்தின்போது வெட்டிய பெயர் இருக்கும். இதில் மட்டும் கிடையாது. பின்னால் வாங்கியதாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்தவர் பண்டம் அனாதையாகக் கிடக்கக் கூடாது என்று பஞ்சுச் சுருளுக்குள் பொதிந்து பையில் வைத்தாள். அந்த வாரமே புவனாவின் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்: "அக்கா, உங்க டம்ளரு ஒண்ணு பின்சன்னல்லயே நின்னுபோச்சுங்க. எங்கூட்டுல பத்திரமா இருக்குதுங்க. ஆராச்சும் வந்தாங்கன்னாக் குடுத்துடறனுங்க. அம்மாவக் கேட்டன்னு சொல்லுங்க." இரண்டு கோடுகள் நீலமாயின. பதில் வரவில்லை.

*

அன்புச்செல்விக்கு நாற்பத்திரண்டு வயது. கட்டைகுட்டையான உடம்பு, வேகமான பேச்சு. வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் தன்னார்வலர். காலை ஏழு மணிக்கெல்லாம் அவளுடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்லின் சத்தம் கேட்டுவிடும். முன்பக்கம் ரத்தக்கொதிப்பு மிசின், தோளில் மாத்திரைப் பை, ஹேண்டில்பாரில் எப்போதும் ஒரு கொத்துக் கருவேப்பிலையோ முருங்கைக்கீரையோ தொங்கும். ஒரு வீட்டில் பறித்து இன்னொரு வீட்டில் கொடுப்பாள். யார் வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள், யார் மருமகளோடு பேசுவதில்லை எல்லாம் தெரியும். எதையும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள். கீரையைத் தவிர.

ஊர் சூலூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. பைபாஸ் வந்ததும் சோளக்காடுகள் சைட்டுகளாயின. காட்டை விற்றவர்கள் மாடி வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராக அவளிடம் விரல் நீட்டினார்கள். விடிகாலையில் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற மாதிரியே இங்கேயும் நடைப்பயிற்சி. ஊரில் இருந்தவரை காளிச்சாமி தினமும் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, தான் விற்ற பத்து ஏக்கரையே ஆளில்லாத தார்ரோட்டில் சுற்றிச் சுற்றி வருவார். முன்பு அதே நிலத்தில் தண்ணீர் கட்ட நடந்தவர். அப்போது அதற்கு நடைப்பயிற்சி என்று பெயர் இல்லை. விற்ற பிறகு அங்கே எல்லைக் கற்களுக்கு நடுவில் பார்த்தீனியம் முளைத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அன்புச்செல்விக்கு ஒரு தீர்மானம் உண்டாகியிருந்தது. சர்க்கரை என்பது உட்கார்ந்துவிட்டவர்களுக்கு வருவது. "அது காடு வித்தவிய சீக்குங்க. நாங்க என்னத்த வித்தோம்?" என்பாள். அவளுடைய தெருவிலேயே, கட்டட வேலைக்குப் போகிற சின்னானுக்கு மிசின் எகிறிக் காட்டியபோது, அது பிராந்தியால் வந்தது என்று முடிவு செய்தாள். தன் வீட்டிலும் கம்பங்கூழ் போய் மூன்று வேளையும் அரிசி ஆகிவிட்டதையோ, நடந்து திரிந்தவள் வண்டியில் திரிகிறாள் என்பதையோ, அவள் கணவன் கதிர் ஃபவுண்டரி வேலை முடிந்து வரும்போது பைபாஸில் புரோட்டா கட்டிக்கொண்டு வருவதையோ அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டீயையும் சேர்க்கவில்லை.

போகிற வீட்டிலெல்லாம் டீ. அந்தப் பக்கத்தில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கமில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதிலும் அவளுக்கு எல்லாரும் சர்க்கரையைத் தாராளமாகப் போடுவார்கள். தாங்கள் குடிக்க முடியாத இனிப்பை அவளைக் குடிக்கவைத்துப் பார்ப்பதில் ஒரு திருப்தி. மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, லே-அவுட்டில் வீடு கட்டி வந்திருக்கும் சுந்தரராஜுலு இதை வைத்தே அவளைச் சீண்டுவார்.

"ஏம்மா டாக்டரம்மா, ஊருக்கெல்லாம் சக்கர வேண்டாங்கற. நீ மட்டும் பாகாட்டக் குடிக்கற. இது எந்த ஊரு ஞாயம்?"

"நான் ஓடறவளுங்க. ஓடற கால்ல சக்கர எங்கீங்க நிக்கும்?"

"ஓடறது உன்ற வண்டியல்லோ. அதுக்கு ஊத்து டீய."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடித்து முடிப்பாள். வேண்டாமென்று அவள் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய அம்மா பூவாத்தாள். தெய்வாத்தாளின் காட்டில் களையெடுத்தவள், கதிர் அறுத்தவள். தெய்வாத்தாளைப் 'பண்ணாடிச்சி' என்று கூப்பிட்டவள். அந்த வீட்டின் வேலிக்கு வெளியே நின்று, உயரத்திலிருந்து ஊற்றியதைக் கொட்டாங்குச்சியில் ஏந்திக் குடித்தவள். மகள் முதன்முதலாக மாத்திரைப் பையோடு அங்கே போனபோது, கால் பழக்கத்தில் அதே வேலியருகே நின்றுவிட்டது. தெய்வாத்தாள்தான் கூப்பிட்டாள்.

"அங்கயே நின்னுக்கிட்டா விரலு எட்டுமா கண்ணு? உள்ள வா."

உள்ளே போய், நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பண்ணாடிச்சியின் விரலைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். முடித்து எழுந்தபோது எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். பூவாத்தாள் அப்போது படுத்த படுக்கையாக இருந்தாள். தலையை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"சக்கர போட்டிருந்தாளா?"

"பாகாட்டப் போட்டிருந்தாங்கம்மா."

"குடுத்தா வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாத சாமி" என்றாள் பூவாத்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளின் நாக்கில் அந்தச் சொல் நின்றுவிட்டது.

டம்ளரைத் தானே கழுவி வைப்பது அன்புச்செல்வி தானாக எடுத்துக்கொண்ட மரியாதை. "நீ எதுக்குக் கண்ணு கழுவற" என்று தெய்வாத்தாள் சொல்வாள். கையை மட்டும் பிடித்து நிறுத்த மாட்டாள். "சரி, அந்தப் பொடக்காளிச் சன்னல்லயே கவுத்துப் போடு" என்று பின்பக்கத்தைக் காட்டுவாள்.

*

ஆனி மாதத்தில் ஒருநாள் அன்புச்செல்வி ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். மற்றது வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. கல்லூரியிலிருந்து வந்திருந்த மகள் கிருபா அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, ஒருக்கா உன்ற விரலக் குத்திப் பாரேன்."

"ஊராளுகளுக்கு ரத்தம் பாக்கக் குடுத்த பட்டையில எனக்குக் குத்திக்கறதா? நல்லா இருக்குது ஞாயம்."

அடுத்த மாதம் லே-அவுட்டுக்குப் புது ரோடு போட ஜல்லி கொட்டினார்கள். ஒரு சில்லு அவளுடைய செருப்பைத் துளைத்து, இடது கால் சுண்டு விரலுக்கு அடியில் ஏறிற்று. அன்று முழுவதும் அதோடேயே வீடு வீடாகப் போயிருக்கிறாள். சாயங்காலம் சாணித்தரை வாசலில் ரத்தத் தடம் கண்ட கதிர்தான், "இது ஆரு காலு?" என்று கேட்டான். மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டிய துணிக்குள்ளேயே விரல் கறுத்தது. வலி இல்லை என்பதால் அது பெரிதில்லை என்று நினைத்தாள். வலிக்காத புண்ணைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று எத்தனையோ வீடுகளில் அவளே சொல்லியிருக்கிறாள்.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "சுகர் எத்தன வருஷமா?"

"எனக்கில்லீங்க சிஸ்டர். நான் ஊருக்குப் பாக்கறவளுங்க."

நர்ஸ் விரலைத் தேய்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை, சட்டென்று குத்தினாள். மிசினில் வந்ததை அன்புச்செல்வி தலைகீழாகவே படித்துவிட்டாள். "மிசின்ல ஏதோ கோளாறுங்க. வேற விரல்ல ஒருக்காப் பாத்துப்போடுங்க" என்றாள். தொரட்டிபாளையத்தில் ஒவ்வொருவரும் முதல் தடவை அவளிடம் சொல்கிற அதே வார்த்தை. சொல்லி முடித்ததும் அவளுக்கே அது காதில் விழுந்தது. கையைத் தானாகவே மடக்கிக்கொண்டாள்.

சுண்டு விரலையும் அதற்கடுத்ததையும் எடுத்தார்கள். டாக்டர் வயதில் சின்னப் பெண். கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "இனிப்ப நிறுத்திடுங்கம்மா. இல்லேன்னா அடுத்தது பாதத்த எடுக்க வேண்டி வரும்." அன்புச்செல்வி சரிங்க என்று தலையாட்டினாள்.

ஐப்பசியில் மறுபடி வேலைக்கு வந்தாள், முன்பக்கம் பஞ்சு அடைத்த கான்வாஸ் ஷூவோடு. என்னாச்சு என்று கேட்ட வீடுகளில், "வண்டி ஏறிருச்சுங்க" என்றாள். சர்க்கரை என்று சொன்னால் டீயை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் அவள் மாத்திரை கொடுத்துவிட்டு வாசலோடு திரும்ப வேண்டும். அவள் மனம் அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. ஆகவே குடித்தாள். சில வீடுகளில் பாதியைச் செடிக்கு ஊற்றினாள். வீட்டுக்காரர் எதிரிலேயே இருந்தால் முழுவதையும் குடித்தாள். மாத்திரை போட்டுக்கொண்டாள், குடித்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். மார்கழியில் கால் புண் மறுபடி நீர் கோத்தது.

கட்டு மாற்றும்போது கிருபா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"வேண்டாம்னு ஒத்த வார்த்த. அதுக்கு உனக்கு நாக்கு வளையாதா?"

"உனக்குத் தெரியாது சாமி. எங்கம்மா நின்ன எடம் உனக்குத் தெரியாது."

"நீ எங்க நின்ன? உங்க பண்ணாடிச்சி குடிச்ச டம்ளரு எங்க காயும்னு ஒருநாளாச்சும் பாத்தியா? உன்றது மட்டும் ஏன் பின்சன்னல்ல காஞ்சுது?"

அன்புச்செல்வி காலை இழுத்துக்கொண்டாள். மீதிக் கட்டைத் தானே சுற்றிக்கொண்டாள். அட்டாலியில் துணியில் சுற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்து இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.

*

மாசி மாதம் ஒரு காலைப்பொழுது. லே-அவுட் முக்கில் வண்டியை நிறுத்திக் கால் கட்டைச் சரி செய்துகொண்டிருந்தபோது போன் முனகிற்று. புவனாவின் எண்ணிலிருந்து குரல் செய்தி. ஆனால் குரல் தெய்வாத்தாளுடையது. பின்னால் எங்கோ லிப்ட் கதவு திறக்கிற மணிச் சத்தம்.

"அன்பு, நாந்தாங் கண்ணு பேசறேன். இதுல எப்புடிப் பேசறதுன்னு இப்பத்தான் புவனா சொல்லிக் குடுத்தா. நல்லா இருக்கறியா? இங்க ஒரு புள்ள வருது ரத்தம் எடுக்க. கையத் தேய்க்கறதுமில்ல, ஒரு வார்த்த பேசறதுமில்ல. சடக்குனு குத்திப்போட்டுப் போயிருது. உன்ற கை மாதிரி வருமா. ஒவ்வொருக்காவும் உன்னத்தான் நெனச்சுக்கறேன்."

அன்புச்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பறம் அந்த டம்ளரு. அன்னிக்கு நீ சொன்னியாம், மறந்து வெச்சுட்டுப் போயிட்டோம்னு. மறக்கல அம்மணி. அது உன்றதுதான. மொத நாள்லருந்தே உனக்குன்னு தனியா எடுத்து வெச்சதல்லோ. எங்க பாத்தரத்தோட கலக்கவே இல்லியே. இங்க கொண்டாந்து என்ன பண்றது, நீயே வெச்சுக்க. ஒருநா இந்தப் பக்கம் வா கண்ணு. சக்கர எச்சாப் போட்டு டீ வெச்சுத் தாரேன். உனக்குத்தான் அது புடிக்குமே."

செய்தி முடிந்தது. அவள் அதை மறுபடி கேட்கவில்லை. குரலில் கொஞ்சமும் கெடுதல் இல்லை. அந்த அம்மா மனசாரத்தான் கொடுக்கிறாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எல்லைக் கற்களைச் சுற்றிவந்தார். அவர் ஒரு சுற்று முடித்து வருகிறவரை அவள் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு, நொண்டியபடி, சுந்தரராஜுலுவின் வீட்டுக்கு நடந்தாள். அவர் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"வாம்மா டாக்டரம்மா. இன்னிக்கு வண்டி உன்ன ஓட்டலியா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரலை வாங்கிக்கொண்டாள். தேய்த்தாள். கேள்வி எதுவும் வரவில்லை. அவர் கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி டீ கொண்டுவந்தாள், ஒரே தட்டில் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றை அவரிடம் தந்துவிட்டு, இன்னொன்றை அன்புச்செல்விக்கு முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்க அன்பு, ஆறிரும்."

அன்புச்செல்வி ஒரு கையால் அவருடைய விரலைப் பிடித்தபடியே, இன்னொரு கையை விரித்து டம்ளரின் வாயை மூடினாள். ஆவி உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.